குடுக்கிற கப்பல் திரும்பாது

கப்பலில் வேலை செய்தவன் என்று சொன்னால் எங்கள் ஊரில் எந்த நாட்டுக் கப்பல், எவ்வளவு நீளம், எத்தனை மாடி என்றெல்லாம் கேட்பார்கள். அதில் நீ என்ன வேலை செய்தாய் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். அன்றைக்குக் கரம்பொன்னில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், பதினாலு வள்ளங்கள் வரிசை கட்டிக்கொண்டு இந்தியாவை நோக்கிப் போயிருக்காது.

நான் உருளைக்கிழங்கு உரித்தேன். எட்டு மாதம் உரித்தேன்.

அதற்கு முந்தி வவுனியாவில் வெதுப்பகம், கொழும்பில் இரும்புக் கடை, வளைகுடாவில் கட்டட வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிறகு எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. (நிற்க விட்டதுமில்லை.) கடைசியாக அகப்பட்டது அந்தக் கப்பல்.

அது போர்க்கப்பல் இல்லை. ஏதோ ஒரு நாட்டுப் போர்க்கப்பல்களுக்கு நடுக்கடலில் எண்ணெய், தண்ணீர், இறைச்சி, முட்டை, இயந்திர உதிரிகள், வீட்டுக் கடிதம் எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிற துணைக்கப்பல். போர்க்கப்பலைப் படம் எடுக்க ஆட்கள் அலைவார்கள். அதற்குச் சோறு கொண்டுபோகிற கப்பலை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அது பத்து நாள் வராவிட்டால் பீரங்கி பூட்டிய கப்பல்கள் எல்லாம் கடலில் மிதக்கிற இரும்புதான்.

எண்ணெய் கொடுக்கும்போது இரண்டு கப்பலும் நிற்பதில்லை. இரண்டு மூன்று பனை நீள இடைவெளியில், பக்கம் பக்கமாக, ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் ஒரு மெல்லிய நூலைத் துப்பாக்கியால் சுடுவார்கள். நூலில் கட்டிய கயிறு போகும். கயிற்றில் கட்டிய இரும்பு வடம் போகும். அந்த வடத்தில் தொங்கிக்கொண்டு குழாய் போகும். இடைவெளி கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க, நிறம் நிறமாகக் கொடித் துணி கட்டிய இன்னொரு கயிறு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: கொடுக்கிற கப்பல் திசையையும் வேகத்தையும் மாற்றவே கூடாது. வாங்க வந்ததுதான் அதற்கு ஒத்து ஓட வேண்டும். ஏதாவது பிசகினால் கயிற்றை வெட்டிவிட ஒருவன் கோடரியோடு நிற்பான்.

இவ்வளவையும் நான் பார்த்தது கிழங்கு உரித்த சமையல் குசினியின் வட்டக் கண்ணாடி வழியாக. அந்த வட்டத்துக்கு வெளியே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வாசிப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

கப்பலைப் பழுதுபார்க்கக் கட்டியபோது எங்களை இறக்கிவிட்டார்கள். நான் ஊர்காவற்றுறைத் தீவில், கரம்பொன்னில் இருக்கிற ஸ்ரெல்லா அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அக்காவின் புருஷன் பெனடிக்ற் அத்தான் ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் செலவழிக்காத மனிதர். அவரிடம் ஒரு பழைய மூன்றரைத் தொன் வள்ளம் இருந்தது. தீவைச் சுற்றிய பரவைக் கடலுக்கு அது பெரிது, ஆழக்கடலுக்குச் சிறிது. அதை வைத்து வீடு நடத்த ஏலாமல் இருந்தார். காரைநகரில் இருந்து ஓர் ஆள் இரண்டு தரம் வந்து, மாடு வாங்க வந்தவரைப் போல வள்ளத்தின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். மூன்றாம் தரம் வந்தால் கொண்டுதான் போவார் என்று அக்கா சொன்னாள்.

அத்தானுக்கு ஒரு யோசனை இருந்தது. எங்கள் கரைச் சிறு வள்ளங்கள் நெடுந்தீவுக்கு மேற்கே வலை போடப் போகும். போய் வருவதிலேயே அரைநாளும் அரைவாசி மண்ணெண்ணெயும் முடிந்துவிடும். அதற்குள் ஐஸும் கரைந்துவிடும். அவை கடலிலேயே மூன்று நாள் நிற்கட்டும், மண்ணெண்ணெய், ஐஸ், தண்ணீர், சாப்பாடு எல்லாம் என்ரை வள்ளத்தில் நான் கொண்டுபோய்க் கொடுத்து, மீனை ஏற்றி வருகிறேன் என்பது யோசனை. கரையில் முடிவு சொல்கிறவர் சங்கத் தலைவர் யேசுதாசன் அண்ணை. கடற்கரையில் இருந்த அவருடைய மீன் கொட்டிலில், வாடியில், கூட்டம் நடந்தது.

"ஒரு நாளைக்குச் செய்து காட்டும், பெனடிக்ற். சரிவந்தால் வாடைக்காத்துத் தொடங்குமட்டும் எல்லாரும் உம்மடை வள்ளத்தோடை. சரிவராட்டி, காரைநகராரைக் காக்க வைக்காமல் குடுத்துவிடும்" என்றார் யேசுதாசன் அண்ணை. "நங்கூரம் போட்டோ குடுக்கப் போறீர்?"

"ஓம் அண்ணை. நங்கூரத்தைப் போட்டு, பக்கத்திலை கட்டி…"

அந்த இடத்தில் நான் எழும்பினேன். என்னை ஒருவரும் எழும்பச் சொல்லவில்லை.

"அத்தான், இது நான் எட்டு மாசம் செய்த வேலை. நிண்டு குடுக்கிறது பழைய முறை. இப்ப ஓடி ஓடித்தான் குடுக்கிறது."

"ஏனடா ஓட வேணும்?" என்று கேட்டார் யேசுதாசன் அண்ணை.

"நிண்டால் எதிரி அடிச்சுப்போடுவான் அண்ணை."

"ஆர் எதிரி?"

நான் கடல் பக்கம் எட்டிப் பார்த்தேன். நெடுந்தீவுக்கு மேற்கே எங்களுக்கு எதிரி என்று சொல்லக்கூடியது உடம்பில் பட்டால் எரிகிற சொறிமுட்டை மட்டும்தான்.

"அது… நேரம் மிச்சம். எண்ணெய் எடுத்துக்கொண்டே அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரலாம்."

நேரம் மிச்சம் என்ற சொல்லில் எல்லாரும் விழுந்துவிட்டார்கள். அத்தான் மட்டும் என்னைப் பார்த்தார். அன்றைய இருபது சொல்லும் முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் ஆயத்தம். நூலைச் சுடத் துப்பாக்கி இல்லாததால், வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை நூல் நுனியில் கட்டினேன். இடைவெளி பார்க்கிற கயிற்றுக்கு அக்காவின் பழைய சேலைகளைக் கேட்டேன்.

"இது என்னத்துக்கு?"

"ரெண்டு வள்ளத்துக்கும் எவ்வளவு இடைவெளி எண்டு பாக்க."

"ஏன், கண்ணாலை பாத்தால் தெரியாதோ?"

"அக்கா, இது ஒரு முறை. பிறகு… அந்தக் கோடரியையும் தா. அவசரத்துக்குக் கயிறு வெட்ட."

"கோடரி தரமாட்டன். வெட்ட ஒண்டும் இல்லையெண்டால்தான் நீ கவனமா இருப்பாய்."

சேலை கிழித்து ஏழு துண்டு தந்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, அவளுடைய கலியாணத்துக்கு மறுநாள் கட்டிய ஊதா. புறப்படுகிற அன்று விடிய முன்னமே எழும்பி, எல்லா வள்ளத்துக்கும் சோறும் மீன்குழம்பும் கட்டித் தந்தாள். கடைசிப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "டேய் அன்ரன், அது அத்தான்ரை வள்ளம். விளங்குதோ?"

"ஓம்" என்றேன். விளங்கியதாகத்தான் நினைத்தேன்.

நெடுந்தீவுக்கு மேற்கே ஐந்து வள்ளங்கள் எங்களுக்காகக் காத்திருந்தன. காலைக் கடல் தட்டையாகக் கிடந்தது. யேசுதாசன் அண்ணையின் வள்ளம் முதலில் எண்ணெய் எடுப்பது, மற்ற நாலும் பின்னால் வரிசையாக வருவது என்று கட்டளை போட்டேன். அத்தான் குழாயோடு வள்ளத்தின் நடுவில். நான் சுக்கானில். திசை எது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. கிழக்கே வெயில் கண்ணில் குத்தியது. ஆகவே வள்ளத்தைத் திருப்பி வெயிலை முதுகுக்குக் கொடுத்தேன். கண்ணுக்கு இதமாக இருந்தது.

நெடுந்தீவுக்கு மேற்கே நின்றுகொண்டு காலை வெயிலுக்கு முதுகு காட்டினால் முன்னால் இருப்பது எந்த நாடு என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நடுவில் எல்லைக்கோடு இருப்பதும் தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டிப் பிடிபட்ட ஆட்களை எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். ஆள் சில மாதத்தில் திரும்பி வருவான். வள்ளம் வராது. அது அங்கே கரையில் வெயிலில் கிடந்து பிளந்துபோகும்.

எனக்கும் தெரியும். ஆனால் என் மூளை முழுக்கக் குசினிக் கண்ணாடியின் வட்டத்துக்குள் இருந்தது. எண்ணெய்க் கப்பலின் திசையை யாரோ ஒருவர் முதலில் வரைபடத்தை விரித்து, முன்னால் எவ்வளவு வெறுங்கடல் இருக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்தெடுப்பார் என்பது உருளைக்கிழங்கு உரிப்பவனுக்கு யார் சொல்வது?

முதல் ஈயக்குண்டு யேசுதாசன் அண்ணையின் தேத்தண்ணிப் போத்தலை உடைத்தது. இரண்டாவது அவருடைய தோளில் பட்டது. மூன்றாவதை எறிய முன்னம் அவரே கையை நீட்டி, "டேய், கிட்ட வந்து கையிலை தாடா" என்றார். முறைப்படி இல்லாவிட்டாலும் நூல் போய்விட்டது. கயிறு போனது. சேலைத் துண்டுகள் கட்டிய கயிறு எங்கள் வள்ளத்தில் நட்ட தடியில் இருந்து அவருடைய வள்ளத்தின் முன்நுனிக்குப் போனது. குழாய் போனது. அத்தான் குழாயில் வாய் வைத்து உறிஞ்சி, ஒரு மிடறு மண்ணெண்ணெயைத் துப்பிவிட்டு, தலையை ஆட்டினார்.

எண்ணெய் ஓடியது! இரண்டு வள்ளமும் பக்கம் பக்கமாக ஓடின. ஏழு நிறச் சேலையும் காற்றில் படபடத்தன. பத்து நிமிடம் நான் என் வாழ்க்கையிலேயே மிகத் திறமையான மனிதனாக இருந்தேன்.

இங்கே எங்கள் கடலின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இயந்திரம் நின்றுபோனால், ஆளுக்கு ஏதாவது நடந்தால், இடுப்பில் கட்டின சாரத்தையோ மேலே போட்ட சேட்டையோ ஒரு தடியில் கட்டி உயர்த்துவோம். அதைக் கண்ட வள்ளம், யாருடையதாக இருந்தாலும், கோபக்காரனுடையதாக இருந்தாலும், வலையை விட்டுவிட்டு வந்தே ஆக வேண்டும். நடக்கத் தொடங்கும்போதே படிக்கிற பாடம் இது. ஒரு துணி என்றால் ஆபத்து. நான் ஏழு துணி கட்டியிருந்தேன்.

முதலில் வந்தது எழுவைதீவு வள்ளம். பிறகு நயினாதீவுப் பக்கத்து வள்ளங்கள் இரண்டு. பிறகு எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் இன்னும் சில. எல்லாவற்றிலும் ஆட்கள் எழுந்து நின்று கையை ஆட்டினார்கள். என் புது முறையைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். அவர்கள் இன்னும் பலமாக ஆட்டினார்கள். நானும் பலமாக ஆட்டினேன். நின்ற வள்ளமென்றால் வந்து உதவலாம். ஆபத்துக் கொடியைக் கட்டிக்கொண்டு ஓடுகிற வள்ளத்தை என்ன செய்வது? துரத்தத்தான் வேண்டும். எட்டு வள்ளம் துரத்தியது.

அத்தான் ஒரு தரம் பின்னால் திரும்பி நெடுந்தீவைப் பார்த்தார். அது ஒரு கோடாகச் சிறுத்திருந்தது. பிறகு வெயிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, திருப்பு."

"எண்ணெய்க் கான் நிரம்பட்டும் அத்தான். குடுக்கிற கப்பல் திரும்பாது."

அந்த நேரம்தான் யேசுதாசன் அண்ணையின் ஜி.பி.எஸ். கருவி கத்தத் தொடங்கியது. எல்லைக்கோடு கிட்டினால் கத்துமாறு அவர் அதை வைத்திருந்தார்.

"டேய்! விசரா! கோடு வருதடா, திருப்படா!"

"நான் திருப்பேலாது அண்ணை! நீங்கள்தான் எனக்கு ஒத்து வர வேணும்!"

"எங்கை ஒத்து வாறது, ராமேஸ்வரத்துக்கோ?"

அப்போதுதான் என் கண்ணுக்கு முன்னால் இருந்த கடல் எந்தக் கடல் என்று எனக்கு உறைத்தது. கைகள் சுக்கானில் ஒட்டிக்கொண்டன. திருப்பினால் குழாய் பிய்ந்து எண்ணெய் கடலில் போகும், செய்து காட்டியது பிழையாகிப்போகும், அத்தானின் வள்ளம் காரைநகருக்குப் போகும். திருப்பாவிட்டால் அது இன்னும் தூரம் போகும். இரண்டிலும் போவது அந்த வள்ளம்தான். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாதவன் செய்கிறதை நான் செய்தேன்: நேரே போனேன்.

யேசுதாசன் அண்ணை கத்தியை எடுத்துக் கயிறு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அறுத்தார். குழாய் பாம்பு மாதிரி எழும்பிச் சுழன்று, அக்கா கட்டித் தந்த சோற்றுப் பார்சல்களுக்கு மேலே மண்ணெண்ணெயைத் தெளித்துவிட்டு விழுந்தது. சேலைக் கயிறு கடலில் விழுந்து, எங்கள் வள்ளத்துக்கு அடியில் போய், இயந்திரத்தின் காற்றாடியில் சுற்றிக்கொண்டது. இயந்திரம் இரண்டு தரம் இருமி நின்றது.

இப்போது எங்களுக்கு உண்மையாகவே ஆபத்து. நீரோட்டம் மேற்கே இழுத்தது. உயர்த்திக் காட்டத் துணி ஒன்றும் இல்லை, எல்லாம் தண்ணீருக்குக் கீழே. அத்தான் தன் சேட்டைக் கழற்றத் தொடங்கினார். அந்த மனிதர் என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆனால் சேட்டை உயர்த்தத் தேவை வரவில்லை. உலகத்திலேயே ஆபத்துக்கு முந்தி வந்து சேர்ந்த உதவி எங்களுக்குத்தான் கிடைத்தது. எட்டு வள்ளமும் சுற்றி நின்றன.

"ஆருக்கு என்ன நடந்தது?" என்று எழுவைதீவுக் கிழவர் ஒருவர் கத்தினார்.

"இன்னும் ஒண்டும் நடக்கேல்லை" என்றேன்.

"பேந்து ஏன்ரா துணி கட்டினனீ?"

"இடைவெளி பாக்க."

கிழவர் காது கேட்காதவர் போலக் கையைக் காதில் வைத்து இன்னொரு தரம் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். தன் வள்ளத்தில் இருந்த, காற்றடைத்த ரயர் ரியூப்பை எனக்கு மேல் எறிந்தார். அது மிதக்க எறிந்ததா, அடிக்க எறிந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. பிறகு அவரே எங்கள் முன்நுனியில் கயிறு போட்டுக் கிழக்கே இழுக்கத் தொடங்கினார்.

கொஞ்சத் தூரம் வர, எங்கள் நாட்டுக் கடற்படையின் ரோந்துப் படகு வந்து முன்னால் நின்றது. பதினாலு வள்ளம் அணிவகுத்து எல்லைக்குப் போனால் யார்தான் வராமல் இருப்பார்கள்? அதிகாரி ஓர் இளைஞர், அளவாகத் தமிழ் பேசினார்.

"எங்கே போறது? இவ்வளவு போட்?"

எல்லாரும் என்னைக் காட்டினார்கள். பதின்மூன்று வள்ளமும் ஒரே திசையில் கை நீட்டியதை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

"எண்ணெய் குடுத்தனாங்கள், சேர். ஓடி ஓடி. பெரிய கப்பலிலை குடுக்கிற மாதிரி. நான் அப்பிடிக் கப்பலிலை இருந்தனான்."

அவர் காற்றாடியில் சுற்றிக் கிடந்த ஊதாச் சேலையைப் பார்த்தார். அறுந்த குழாயைப் பார்த்தார். கையால் நூல் எறிகிற மாதிரிச் செய்து காட்டி, "அது மாதிரியா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் கொஞ்ச நேரம் குலுங்கியது. பிறகு வரைபடம் விரிக்கிற மாதிரிக் கையை விரித்து, இரண்டு விரலைக் காட்டிச் சொன்னார்:

"முதல் மெப். பிறகு கயிறு."

பெயர்களை எழுதிக்கொண்டு, நெடுந்தீவு இறங்குதுறை வரைக்கும் பின்னாலேயே வந்து விட்டுவிட்டுப் போனார்.

என்னைத் துரத்தியதில் எட்டு வள்ளத்துக்கும் எண்ணெய் வற்றியிருந்தது. வலையை விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பசி. அத்தான் வள்ளத்தை இறங்குதுறையில் இறுக்கிக் கட்டினார். ஒவ்வொரு வள்ளமாகப் பக்கத்தில் வந்து நின்றது. கானைக் கையால் தூக்கிக் கொடுத்தார். ஐஸ் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், அவர்களுடைய மீனை எங்கள் பெட்டிகளில் அடுக்கினார். மேல் தட்டுப் பார்சல்கள் மண்ணெண்ணெயில் போய்விட்டன, கீழ்த் தட்டுப் பார்சல்களைப் பங்கிட்டுக் கொடுத்தார். ஒருவர் முடிய அடுத்தவர். ஒன்றும் சிந்தவில்லை. நான் ஓடி ஓடி ஒரு வள்ளத்துக்கும் முழுதாகக் கொடுக்காததை, அவர் நின்று பதின்மூன்று வள்ளத்துக்கும் கொடுத்து முடித்தார்.

யேசுதாசன் அண்ணை தோளைத் தடவிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழும்பி வந்தார். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு, கீழே பார்த்தபடி நின்றார்.

"வள்ளம் நல்லது, பெனடிக்ற்" என்றார் அண்ணை. "ஐஸ் நல்லது. யோசனையும் நல்லது. நாளைக்கே தொடங்கும். எழுவைதீவாரும் வருகினமாம்."

அத்தான் நிமிர்ந்தார்.

"ஆனால் ஒண்டு. உம்மடை மச்சானை மட்டும் கரையிலை இறக்கும்."

காரைநகர் ஆள் மூன்றாம் தரமும் வந்தார். வள்ளம் கடலில் இருந்ததால் தட்டிப் பார்க்க அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். நான் அந்தப் பருவம் முழுவதும் ஊர்காவற்றுறைத் துறையில் ஐஸ் உடைத்து ஏற்றினேன். பிறகு வழக்கம் போலக் கால் நிற்கவில்லை, வேறு இடத்துக்குப் போய்விட்டேன். இப்போதும் எங்கே இருந்தாலும் வருடத்தில் ஒரு தரம் கரம்பொன்னுக்கு வருவேன். வந்தால் மூன்று வேளையும் அவமானம்தான் சாப்பாடு. சாப்பிடுகிற இடத்தில் சொதிச் சட்டியோடு அக்கா வருவாள். என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து, சட்டியைப் பிடித்தபடி அசையாமல் நிற்பாள். நான்தான் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஒத்துப் போக வேண்டும். அத்தான் மண்ணெண்ணெய் மணக்கிறதா என்று தன் சோற்றை மணந்து பார்ப்பார். என் மருமக்கள், அக்காவின் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து கத்துவார்கள்: "முதல் மெப்! பிறகு கயிறு!"

போன தடவை அவர்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த ஒருவர், தம்பி இப்போது எங்கே, என்ன செய்கிறார், ஒரு இடத்திலும் நிலையாக இருக்க மாட்டாரோ என்று அக்காவிடம் விசாரித்தார். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"என்ரை தம்பி வாழ்க்கையிலை ஒருக்காத்தான் திசை மாறாமல் நேராப் போனவன். அதுவும் இந்தியாவுக்கு."

இருபது சொல் அத்தான் தலையை நிமிர்த்தி, அன்றைய கணக்கில் இரண்டைச் செலவழித்தார்:

"என்ரை வள்ளத்திலை."